எப்போது ஊற்றிய எண்ணெய்?

எந்த எண்ணெய் நல்லது என்ற பேச்சு எங்கள் வீட்டில் ஓயவே ஓயாது. அம்மாவுக்கு நல்லெண்ணெய்தான் எண்ணெய். அக்கா மரச்செக்குக் கடலை எண்ணெய்ப் பக்கம். கடலையைக் கையோடு கொண்டுபோய், செக்கடியில் நின்று ஆட்டி வாங்கி வருவாள். சித்தப்பா நாகர்கோவிலில் பல வருஷம் வேலை பார்த்தவர், தேங்காய் எண்ணெயைத் தவிர எதையும் ஏற்கமாட்டார். ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலை வாங்கலாமா கூடாதா என்பது தனி வழக்கு. ரீஃபைண்ட், கொலஸ்ட்ரால், டிரான்ஸ் கொழுப்பு என்று ஆளுக்கொரு செய்தியோடு வருவோம். யாரும் யாரையும் மாற்றியதில்லை. நானும் இதில் ஆர்வமாகக் கலந்துகொள்கிறவன்தான். ஆனால் கொஞ்ச காலமாகவே, நாம் சண்டை போடும் இடமே சரியில்லை என்ற எண்ணம் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது.

காரணம் அத்தான். அக்காவின் வீட்டுக்காரர். அவருக்குப் பெருங்குடலில் அழற்சி. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரையில் அடங்கிக் கிடக்கும், திடீரென்று கிளம்பும். கிளம்பிவிட்டால் பேருந்துப் பயணம் கிடையாது, கல்யாண வீடு கிடையாது, கழிப்பறை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எங்கும் உட்கார வேண்டும். அவர் கவனித்த ஒரு விஷயம்: ஞாயிற்றுக்கிழமை அக்கா சுடும் மசால் வடை அவரை ஒன்றும் செய்வதில்லை. வேலை முடிந்து வரும் வழியில் டீயோடு இரண்டு வடை தின்றால் மறுநாள் காலையில் வயிறு காட்டிக் கொடுத்துவிடுகிறது. “நம்ம வீட்ல செக்கு எண்ணெய், அங்க பாமாயில். அதான்” என்பது அக்காவின் தீர்ப்பு. ஒருவர் வயிற்றை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. கடை வடையில் மிளகாய் கூடுதலாக இருக்கலாம், சட்னியில் தண்ணீர் சரியில்லாமல் இருக்கலாம். ஆனாலும் பாமாயில்தான் குற்றவாளி என்ற அந்தத் தீர்ப்பு மட்டும் எனக்கு ஒட்டவே இல்லை.

வடைச் சட்டி

கும்பகோணத்தில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் சரக்கு மாஸ்டர் நன்றாகப் பேசுவார். மாலை நான்கு மணி வாக்கில் கூட்டம் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் போனால் சட்டிக்குப் பக்கத்திலேயே நிற்கலாம். அகலமான இரும்புச் சட்டி. விளிம்பைச் சுற்றிக் கறுப்பும் பழுப்புமாகப் பிசின் பிடித்திருக்கும், விரலால் தொட்டால் ஒட்டும். உள்ளே இருப்பது டீத்தண்ணி நிறம். துளி மாவைக் கிள்ளிப் போட்டுப் பார்ப்பார். புது எண்ணெயில் மாவு விழுந்தால் பெரிய பெரிய குமிழியாக எழுந்து உடனே உடைந்து போகும். இந்தச் சட்டியில் பொடி நுரையாக எழுந்து, ஓரமாக ஒதுங்கி, அங்கேயே நிற்கும். நுரை மிஞ்சிப் பொங்க வந்தால் கொட்டைப்பாக்கு அளவு புளியை உள்ளே போடுவார். அடங்கிவிடும். அன்றைக்கு அவரிடம் கேட்டேன்.

“என்ன எண்ணெய்ண்ணே?”

“பாமாயில்தான் தம்பி. பத்து ரூவா வடைக்குக் கடலை எண்ணெய் ஊத்துனா கட்டுமா?”

“எப்ப ஊத்துனது?”

ஜல்லிக்கரண்டியைச் சட்டி மேல் வைத்துவிட்டு யோசித்தார். “காலையில ரெண்டு லிட்டர் ஊத்துனேன். அதுக்கு முன்னாடி கெடந்தது நேத்து ஊத்துனது. அதுக்கும் முன்னாடி...” என்று இழுத்தவர், “கொறையக் கொறைய ஊத்திக்கிறதுதான் தம்பி. அமாவாசைக்குக் கடை கழுவுறப்ப அடியில இருக்குற மண்டியை எடுத்துக் கொட்டுவோம்” என்றார்.

அவர் எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. என் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை, அவ்வளவுதான். அந்தச் சட்டியில் இருப்பது பாமாயில் என்று சொல்லலாம், எந்த நாளின் பாமாயில் என்று யாராலும் சொல்ல முடியாது. இத்தனை வருஷமாக எங்கள் வீட்டில் யாருமே கேட்காத கேள்வி அது. அக்கா வடை சுடுவது அன்றைக்குப் பாட்டிலைத் திறந்து ஊற்றிய எண்ணெயில். அத்தான் கடையில் தின்பது போன வாரத்து எண்ணெயும் கலந்த எண்ணெயில். கடலையா பனையா என்பதைவிடப் பெரிய வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

காயும் எண்ணெயில் மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. மாவு விழுந்ததும் எழும் குமிழியெல்லாம் மாவிலிருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேறுவது. அந்தத் தண்ணீர் கொழுப்பு மூலக்கூறுகளை உடைத்துத் தனிக் கொழுப்பு அமிலங்களாக்கிவிடும். அவை சேரச் சேர எண்ணெய் சீக்கிரமே புகைய ஆரம்பிக்கும். காற்றுப் படும் மேற்பரப்பில் ஆக்சிஜன் ஏறிப் பெராக்சைடுகள் உண்டாகும். அவை நிலைக்காமல் உடைந்து ஆல்டிஹைடுகள் என்ற கெடுதலான சேர்மங்களாகும். ஹெச்.என்.இ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஆல்டிஹைடு, லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் நிறைய உள்ள சூரியகாந்தி, சோயா எண்ணெய்களில் அதிகம் பிறக்கும். மூன்றாவதாக, இப்படிக் கெட்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து பாலிமர்களாகும். சட்டி விளிம்பில் சுரண்டினாலும் வராத பிசின் அதுதான். எண்ணெய் கொழகொழவென்று ஆவதும், நுரை உடையாமல் நிற்பதும் அதனால்தான். புளி நுரையை அடக்கலாம், எண்ணெயில் சேர்ந்ததை எடுக்காது. இந்தக் கெட்டுப்போன சரக்கையெல்லாம் சேர்த்து அளப்பதற்கு டோட்டல் போலார் காம்பவுண்ட்ஸ், சுருக்கமாக டிபிசி, என்று ஓர் அளவு இருக்கிறது. புது எண்ணெயிலேயே கொஞ்சம் இருக்கும், காயக் காய ஏறும்.

பழையதன் மேல் புதியதை ஊற்றுவதுதான் இதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. நேற்றைய தயிரில் ஒரு கரண்டி இன்றைய பாலை உறைய வைப்பது போல, பழைய எண்ணெயில் இருக்கும் பெராக்சைடுகள் புது எண்ணெயையும் சீக்கிரம் கெடுத்துவிடும். சிப்ஸ் தொழிற்சாலைகளிலும் எண்ணெய் குறையக் குறையத்தான் ஊற்றுகிறார்கள். ஆனால் அங்கே ஓயாமல் பொரிப்பதால், பொரிக்கும் பண்டமே எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். உள்ளே இருப்பது சீக்கிரமே முழுக்கப் புதுசாகிவிடும். டீக்கடையில் அப்படி இல்லை. காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று காய்ச்சி, ஆறவிட்டு, மறுபடி காய்ச்சுகிறார்கள். விட்டு விட்டுக் காய்ச்சுவது தொடர்ந்து காய்ச்சுவதைவிட எண்ணெயை அதிகம் கெடுக்கும். அடியில் கருகிக் கிடக்கும் மாவுத் துகளும், இரும்புச் சட்டியும் அதை இன்னும் வேகப்படுத்தும்.

உள்ளே போன பிறகு

எண்ணெய் என்றதும் நமக்கு இதயம்தான் நினைவுக்கு வரும். டாக்டரும் கொலஸ்ட்ரால் சீட்டைத்தான் கேட்பார். இந்த எண்ணெய் முதலில் போய்ச் சேருவது குடலுக்கு என்பதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. நல்ல எண்ணெயைச் சிறுகுடலே கிட்டத்தட்ட முழுவதும் செரித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். பாலிமராகிப் போனதைச் செரிக்க நம் நொதிகள் திணறுகின்றன. அதில் ஒரு பங்கு செரிக்காமலே பெருங்குடலுக்கு இறங்கிவிடும். அங்கேதான் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன.

பெருங்குடலின் உள்சுவரில் அந்தக் கூட்டத்தை எதிர்கொண்டு நிற்பது ஒரே ஒரு வரிசைச் செல்கள். அதன் மேல் சளிப் படலம். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இடைவெளி விழாமல் இறுக்கிப் பிடித்திருக்கும் புரதங்கள். இவ்வளவுதான் காவல். நாம் தின்னும் நார்ச்சத்தை நல்ல பாக்டீரியாக்கள் புளிக்கவைத்துப் பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலத்தைத் தருகின்றன. அந்த ஒற்றை வரிசைச் செல்களுக்கு முக்கியமான சாப்பாடே அதுதான். அவற்றுக்குப் பசி வந்தாலோ, இறுக்கம் தளர்ந்தாலோ, பாக்டீரியாக்களின் மேலுறையில் இருக்கும் லிப்போபாலிசாக்கரைடு என்ற நச்சு ரத்தத்துக்குள் கசியும். உடம்பு அதைப் படையெடுப்பு என்று எடுத்துக்கொண்டு அழற்சியைக் கிளப்பும்.

மசால் வடையை எனக்கு மிகவும் பிடிக்கும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கடலைப் பருப்பு, அரிந்த வெங்காயம், சோம்பு, கறிவேப்பிலை. நொறுநொறுப்பாக அரைத்த அந்தப் பருப்பிலும் வெங்காயத்திலும் இருக்கும் நாரும் செரிக்காத மாவுச்சத்தும் குடல் பாக்டீரியாக்களுக்கு நல்ல தீனி. எண்ணெய்ப் பலகாரம் என்றாலே விஷம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பாக்டீரியாவுக்கு நல்லது செய்யக்கூடிய பண்டத்தை, அதற்குக் கெடுதல் செய்யும் எண்ணெயில் முக்கி எடுக்கிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் நடந்த ஓர் ஆய்வு 2019-இல் வெளியானது. எண்ணெயை அவர்கள் ஆய்வகத்தில் காய்ச்சவில்லை. அந்த ஊர் உணவகம் ஒன்றில் ஃபலாஃபெல் பொரித்த கனோலா எண்ணெயையே வாங்கிவந்தார்கள். கனோலா என்பது கடுகு இனத்து விதை. ஃபலாஃபெல் என்றால் கொண்டைக்கடலையை ஊறவைத்து அரைத்துப் போடும் வடை, நம் மசால் வடைக்கு ஒன்றுவிட்ட உறவு. அந்த எண்ணெயைப் புது எண்ணெயோடு கலந்து, குடல் அழற்சி உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளுக்குக் கொடுத்தார்கள். புது எண்ணெய் மட்டும் தின்ற சுண்டெலிகளைவிட இவற்றுக்கு அழற்சி முற்றியது, குடல் கட்டிகள் பெரிதாயின, குடல் சுவர் கசிந்து பாக்டீரியா நச்சு ரத்தத்துக்குப் போனது. எண்ணெயிலிருந்து அந்தப் போலார் சேர்மங்களை மட்டும் பிரித்துக் கொடுத்தபோதும் அழற்சி அதேபோல் முற்றியது. பொரித்த எண்ணெயால் புற்றுநோய் வரும் என்று அவர்கள் சொல்லவில்லை. ஏற்கெனவே குடல் அழற்சி உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்றார்கள். இதைப் படித்ததும் எனக்கு அத்தான் முகம்தான் நினைவுக்கு வந்தது.

மனிதர்களிடம் என்ன தெரிகிறது? சீனாவில் எடை கூடுதலான 117 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு நான்கு வாரம், வாரம் நான்கு முறை பொரித்த இறைச்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2021-இல் வந்தது. பொரித்தது தின்றவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் குறைந்தன, பியூட்டிரிக் அமிலம் குறைந்தது, ரத்தத்தில் பாக்டீரியா நச்சும் அழற்சிக் குறிகளும் ஏறின. அது பழைய எண்ணெய்க்கென்று வைத்த சோதனை இல்லை. ஆனால் சுண்டெலியிடம் பார்த்த அதே வழி மனிதக் குடலிலும் திறந்திருக்கிறது என்பதற்கு எனக்கு இது போதும்.

இதையெல்லாம்விட என்னைப் பிடித்து நிறுத்தியது பக்கத்து ஊர் ஆய்வு. திருவாரூரில் இருக்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தின் கதிரேசன் சண்முகம் குழுவினர் 2024 மார்ச்சில் அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் நடந்த மாநாட்டில் அதை முன்வைத்தார்கள். எலிகளை ஐந்து கூட்டமாகப் பிரித்தார்கள். ஒன்றுக்கு வெறும் தீவனம். மற்ற நான்கில் இரண்டுக்குக் காய்ச்சாத நல்லெண்ணெயும் காய்ச்சாத சூரியகாந்தி எண்ணெயும், இரண்டுக்கு அதே எண்ணெய்கள் மறுபடி மறுபடி காய்ச்சியது. நாளொன்றுக்கு 0.1 மில்லி, 30 நாள். காய்ச்சிய எண்ணெய் தின்ற எலிகளின் பெருங்குடலில் அழற்சியும் சேதமும், பாக்டீரியா நச்சுகளில் மாற்றமும் தெரிந்தன. கல்லீரலில் கொழுப்பு வேலைகள் குழம்பி, மூளைக்குப் போக வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு குறைந்ததையும் பார்த்தார்கள். எலி ஆய்வு, மாநாட்டில் சொன்னது. அந்த அளவில்தான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் எங்கள் வீட்டுச் சண்டைக்கு இதில் நேரடியான பதில் இருந்தது. நம் ஊரில் உயர்வாகப் பேசும் நல்லெண்ணெயும் பாக்கெட் சூரியகாந்தி எண்ணெயும், திரும்பத் திரும்பக் காய்ச்சியபோது கெடுதல் செய்யும் பக்கத்தில்தான் நின்றன. அம்மாவிடம் சொன்னேன். “ஒரு தடவை காஞ்ச நல்லெண்ணெயை மறுபடி யாருடா காய்ச்சச் சொன்னா?” என்றாள். அதைத்தான் நானும் கேட்கிறேன்.

எல்லா எண்ணெயும் ஒரே வேகத்தில் கெடும் என்று சொல்ல வரவில்லை. தேங்காய் எண்ணெயும் பாமாயிலும் நிறைவுற்ற கொழுப்பு அதிகம் என்பதால் சூட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். நல்லெண்ணெய்க்குச் சீசமால் என்ற பாதுகாப்பு உண்டு. செக்கு எண்ணெய் சுத்திகரிக்காதது, ரீஃபைண்டைவிடக் குறைந்த சூட்டிலேயே புகையும். ஆனால் இவையெல்லாம் முதல் சில தடவைகளின் கணக்கு. வாரக்கணக்கில் காய்ந்த சட்டிக்கு எந்த விதையும் காவல் இல்லை.

யார் சட்டியை அளப்பது?

சட்டம் இல்லாமல் இல்லை. 2018 ஜூலை 1 முதல் டிபிசி 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயை எந்த உணவுக் கடையும் பயன்படுத்தக் கூடாது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அதே ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் தேதி ரூகோ என்ற திட்டத்தையும் கொண்டுவந்தது. பழைய எண்ணெயைக் கடைகளிடமிருந்து விலைக்கு வாங்கி பயோடீசலாக்குவது. நல்ல யோசனை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் கடைகள் கணக்கு எழுதி, கழிவு எண்ணெயை அனுமதி பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். 2019-இல் பெட்ரோல், டீசல் விற்கும் எண்ணெய் நிறுவனங்கள் 100 நகரங்களில் இந்த பயோடீசலை வாங்கிக்கொள்ள அழைப்பும் விடுத்தன.

நம் சரக்கு மாஸ்டரின் சட்டியில் மொத்தமே நாலைந்து லிட்டர். 25 சதவீத வரம்பு அவருக்கும் பொருந்தும், ஆனால் அந்த 50 லிட்டர் கணக்குக்குள் அவர் வரமாட்டார். டிபிசி அளக்கும் கைக்கருவி இருக்கிறது. எண்ணெயில் முனையை விட்டால் சில நொடியில் எண் காட்டும். விலை சில பத்தாயிரம் ரூபாய். அவர் எங்கே வாங்குவது? அதிகாரிகள் வந்து சட்டியைக் கவிழ்த்து எண்ணெயைக் கொட்டிவிட்டுப் போகும் படங்களைச் செய்தியில் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். மறுநாள் அவர் புது டின் உடைப்பார், அதையே இன்னும் நீட்டித்து ஓட்டி அந்த நஷ்டத்தை எடுப்பார். இந்தோனேசியா 2022 ஏப்ரல் கடைசியில் பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியபோதும், 2024 செப்டம்பரில் நம் அரசு இறக்குமதி வரியை ஏற்றியபோதும் எல்லோரும் விலையைப் பேசினோம். எண்ணெய் விலை ஏறினால் சட்டியில் அதன் ஆயுளும் ஏறும் என்பதை யாரும் பேசவில்லை. வடை விலையை இரண்டு ரூபாய் ஏற்றினால் கூட்டம் அடுத்த கடைக்குப் போய்விடும். இதில் அடிபடுவது யார் என்று பாருங்கள்: ஆட்டோ ஓட்டுகிறவர், சித்தாள் வேலைக்குப் போகிறவர், மதியச் சாப்பாட்டுக்குப் பதில் இரண்டு வடையும் டீயும் போதும் என்று முடித்துக்கொள்கிறவர்.

வீட்டில் நம்மால் முடிந்தது நிறைய இருக்கிறது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி நடைமுறைக்கு ஒத்துவருகிற வழியைச் சொல்கிறது: பொரித்த எண்ணெயை வடிகட்டிக் குழம்பு, பொரியலுக்குப் பயன்படுத்துங்கள், அதுவும் ஓரிரு நாளுக்குள், மறுபடி பொரிக்க வேண்டாம். தீபாவளிப் பலகாரம் முடிந்ததும் தூக்கில் எடுத்து வைத்த எண்ணெயில் கார்த்திகை வரை அப்பளம் பொரிக்கும் பழக்கத்தை எங்கள் வீட்டில் விட்டுவிட்டோம். அகலச் சட்டியை எடுத்து வைத்துவிட்டு, சின்னக் குழிச் சட்டியில் ஈடு ஈடாகச் சுடுகிறோம். நேரம் பிடிக்கிறது, ஆனால் மிச்சம் ஒரு கரண்டிதான். அத்தான் கடைப் பக்கம் போவதைக் குறைத்துவிட்டார். அக்கா செக்கு எண்ணெயை விடவில்லை, விடச் சொல்லி நான் கேட்கவும் இல்லை.

மாஸ்டரிடம் பழைய எண்ணெயை யாராவது காசு கொடுத்து வாங்கிக்கொண்டால் கொடுப்பாரா என்று கேட்டேன். “லிட்டருக்கு இவ்வளவுன்னு கையில கொடுத்தா நான் ஏன் தம்பி அதை வச்சிக் காய்ச்சப் போறேன்? ஆனா இந்த ரெண்டு லிட்டருக்கு எவன் வண்டியை எடுத்துக்கிட்டு வருவான்?” என்றார். நியாயமான கேள்வி. பெரிய ஹோட்டல்களுக்கு டின் கணக்கில் எடுக்க வண்டி வருகிறது. பழைய பேப்பருக்கும் இரும்புக்கும் தெருத் தெருவாகச் சைக்கிளில் ஆள் வருகிறார். வடைக் கடை, சிக்கன் பக்கோடா வண்டி, மிக்சர் போடும் வீடு என்று வார்டுக்கு வார்டு சுற்றி ஒன்றிரண்டு லிட்டராக வாங்கிச் சேர்க்க மாநகராட்சி ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும், புது எண்ணெய் விலையில் ஒரு பங்காவது கையில் கிடைக்கிற மாதிரி. அதே வண்டியில் டிபிசி கருவியும் ஒன்று இருந்தால், அபராதம் போடாமல், எண்ணெயை மாற்ற வேண்டிய நாளை மாஸ்டருக்குச் சொல்லிவிட்டுப் போகலாம். எங்கள் வார்டு உறுப்பினரிடம் இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் ஊரில் யாராவது இப்படிச் சின்னக் கடைகளிலும் வாங்குகிறார்கள் என்றால் எப்படிச் செய்கிறார்கள், என்ன விலை கொடுக்கிறார்கள் என்று எழுதுங்கள். அதையும் சேர்த்துக் கொடுக்கிறேன்.